யார் முதுகுக்கு இந்த ஸ்பிரிங்

என் கணவருக்காக முப்பதாம் நாள் ஜெபம் நடந்து முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வீட்டை ஒட்டியிருந்த ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் மூன்று ஆண்கள் குந்திக்கொண்டு அவருடைய காரின் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் என் கொழுந்தன். இன்னொருவர் என் கணவரின் சின்ன வயது தோஸ்த். ஆம்பூரில் தோல் பதனிடும் ரசாயனங்கள் விற்கும் கடை வைத்திருந்தார். நான் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவேன், அவர் என்னைப் பாபி, அதாவது அண்ணி, என்பார். மூன்றாமவர் மெக்கானிக்.

நான் டீ கொண்டுபோனேன். மூன்று பேரும் டம்ளரை வாங்கிக்கொண்டார்கள். கண் எல்லாம் காருக்கு அடியிலேயே இருந்தது.

"அண்ணன் இருந்திருந்தா ரேஸ் செட்டுதான் போட்டிருப்பாரு. என்கிட்ட சொல்லிக்கினே இருந்தாரு" என்றான் கொழுந்தன்.

"எது போட்டாலும் ஜாஸ்தி நாள் உழைக்கணும்பா" என்றார் பாய். "அவனுக்கு வேற யார் இருக்கா? இந்த வண்டிதான் அவனுக்குப் புள்ள."

நான் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. அது அந்த மூன்று பேருக்கும் தெரியும். அதைச் சொன்னவர் கெட்டவர் இல்லை, சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்லறை வரை வந்தவர். ஆனாலும் அந்த நிமிஷம் அந்த டீயை அவர் தலையில் ஊற்றலாம் போல எனக்கு இருந்தது.

அந்தக் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட். மேலே கித்தான் மூடி, மடக்கிப் பின்னால் தள்ளிவிடலாம். தரையோடு ஒட்டிக்கொண்டு போகும், பக்கத்தில் லாரி வந்தால் அதன் சக்கரத்துக்கு நேராக நம் முகம் இருக்கும். என் கணவர் ஒரு ஷூ கம்பெனியில் தோலைத் தரம் பிரிக்கும் பிரிவில் மேற்பார்வையாளர். அந்தக் கம்பெனி முதலாளியின் அப்பா இளமையில் மெட்ராஸிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்த கார் அது. பிறகு யாரும் சீண்டாமல், பச்சைத் தோலை உப்புப் போட்டு அடுக்கிவைக்கும் கிடங்கின் ஓரத்தில் வருஷக் கணக்கில் நின்றது. உப்புக் காற்று அதன் அடிப்பக்கத்தைத் தின்றுவிட்டது. என் கணவர் கேட்டுக்கொண்டே இருந்தார், ஒருநாள் முதலாளி சலித்துப்போய் எடுத்துக்கொண்டு போ என்றார்.

அதைக் கயிறு கட்டி இழுத்துவந்த நாளிலிருந்து எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் போயின. சர்ச்சிலிருந்து வந்ததும் வேட்டியை அவிழ்த்துவிட்டு லுங்கியோடு காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார். இஞ்சின் ஓடியது. பிரேக் பிடித்தது. சிவப்புப் பெயின்ட் அடித்தார். ஆனால் சஸ்பென்ஷன் மட்டும் சரிவரவே இல்லை. சாலையின் பள்ளமும் மேடும் நம் முதுகுக்கு வராமல் நடுவில் வாங்கிக்கொள்கிற ஸ்பிரிங்குகளும் ஷாக் அப்சார்பர்களும்தான் சஸ்பென்ஷன். இந்தக் காருக்கு முன்னால் சுருள் ஸ்பிரிங், பின்னால் லாரிக்கு இருப்பதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஸ்பிரிங் பட்டை. பின்பக்கப் பட்டைகளில் ஒன்று துருப்பிடித்து உடைந்தே போயிற்று. கார் ஒருபக்கம் சாய்ந்து, காலில் முள் குத்திய நாயைப் போல நின்றது. பந்தயக் கார்களுக்குப் போடும் விறைப்பான ரேஸ் செட்டா, வேறு எதையாவது வாங்கிப் போடுவதா என்று மாதக் கணக்காகப் பேசிக்கொண்டிருந்தார். பேசி முடிப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

எனக்கு லைசென்ஸ் உண்டு. வேலூரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் ரத்த வங்கியில் வேலை பார்த்தேன். கல்யாணத்துக்கு முன்பே அங்கே தோழிகளோடு சேர்ந்து ஓட்டக் கற்றுக்கொண்டவள் நான். ஆனால் இந்தக் காரின் சாவியை அவர் என் கையில் கொடுத்ததே இல்லை. "உனக்கு இந்த கிளட்ச் புரியாது" என்பார். நான் தினமும் ஆம்பூர் ஸ்டேஷனுக்கு நடந்து, காட்பாடி வரை ரயிலில் நின்றுகொண்டே போய், அங்கிருந்து பஸ்ஸைப் பிடித்து வேலைக்குப் போவேன். அவர் அந்தக் காரில் ஏலகிரி மலை ஏறுவார்.

அந்த ஞாயிறு நான் கேட்டேன்: "ரேஸ் செட் போட்டா யார் ஓட்டறது?"

கொழுந்தன் நிமிர்ந்து பார்த்தான். "சென்னைல பழைய காருங்க எல்லாம் ஊர்வலமா போவும் அண்ணி. அதுக்கு நான் ஓட்டிக்கினு போறேன். அண்ணன் போட்டோவ முன்னால மாலை போட்டு வெச்சிடலாம்."

"மத்த நாள்?"

"மத்த நாள் துணி போட்டு மூடி வெச்சிடலாம்."

"மூட வேணாம். நான் ஓட்டப் போறேன். தெனமும் வேலைக்கு."

பாய் சிரித்துவிட்டார். "பாபி, இது லேடீஸ் ஓட்டற வண்டி இல்ல. ஸ்டேரிங் இன்னா கனம் தெரியுமா? தோள்பட்டை எறங்கிடும்."

"எனக்கு உக்காந்தா முதுகு வலிக்காத மாதிரி மெத்துன்னு ஏதாவது போடுங்க. அது போதும்" என்றேன் மெக்கானிக்கைப் பார்த்து.

மெக்கானிக் என்னைப் பார்க்காமல் கொழுந்தனைப் பார்த்தார். கொழுந்தன், "சரி அண்ணி, பாத்துக்கலாம்" என்றான். அந்தச் சரியை எனக்கு நன்றாகத் தெரியும். அவன் அண்ணன் சொல்லும் சரி அது.

உள்ளே போனால் என் மாமியார் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"மேல மூடி இல்லாத வண்டில, செவப்பு கலர்ல, நீ தனியா போனா ஊரு இன்னா பேசும்?"

"மூடிக்கினே போறேன் அத்தை."

"கலரு?"

சமையலறைக்குப் போய் ஒரு பாத்திரத்தைத் தேவையில்லாமல் தேய்த்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம் வேலையிலிருந்து திரும்பியபோது கொட்டகையில் கார் நாலு சக்கரத்தில் நின்றது. சாய்வு போய்விட்டது. ஆனால் முன்பைவிட இன்னும் தாழ்ந்து, தரையை முகர்ந்து பார்ப்பதுபோல் நின்றது. நான் இல்லாத நேரத்தில் பெங்களூரிலிருந்து ரேஸ் செட்டை வரவழைத்துப் பூட்டிவிட்டிருந்தார்கள். கட்டையான சுருள்கள், தட்டையான பட்டைகள், மஞ்சள் பெயின்ட் அடித்த ஷாக் அப்சார்பர்கள். கொழுந்தன் கண்ணில் தண்ணீரோடு நின்றான். "பாருங்க அண்ணி. அண்ணன் ஆசைப்பட்ட மாதிரியே வந்துடுச்சி." அழுகிறவனிடம் அன்றைக்கு என்ன சொல்வது? சாவியைக் கொடு என்று கையை நீட்டினேன். தயங்கினான். நீட்டிய கையை நான் மடக்கவில்லை. கொடுத்தான்.

மறுநாள் காலையில் ஓட்டிக்கொண்டு போனேன்.

பெங்களூர் நெடுஞ்சாலையை நான்கு வழியாக்கத் தோண்டிப் போட்டிருந்த வருஷங்கள் அவை. எங்கே பார்த்தாலும் மாற்றுப்பாதை, ஜல்லிக் குவியல், மண் மேடு. ஊருக்கு ஊர் அவரவர் இஷ்டத்துக்குப் போட்ட வேகத்தடைகள், சில இடத்தில் படுத்திருக்கும் எருமை உயரம். ஆம்பூரை விட்டுத் தாண்டுவதற்குள் என் பல் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டது. சிறு கல்லின்மேல் ஏறினால்கூட அது அப்படியே இடுப்பு எலும்பில் வந்து இறங்கியது. மாதனூரில் ஒரு வேகத்தடையில் கார் நடுவயிறு தட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டது. சைலன்சர் கிழிந்து, அங்கிருந்து டிராக்டர் போல அலறிக்கொண்டே போனது. டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். ஒருவன் விசில் அடித்தான்.

பள்ளிகொண்டா தாண்டியதும் சாலையோரப் புளியமரத்துக்கு அடியில் நிறுத்தினேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை. முதுகுவலி பெரிதில்லை. கோபத்தில் கண் தெரியவில்லை. கித்தான் மூடி போட்ட அந்தச் சின்னப் பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு, கல்யாணமான நாளிலிருந்து அவர் என்று சொன்ன மனிதனை முதல்முறையாக அவன் இவன் என்று கத்தினேன்.

இறப்பதற்கு முன் நாலைந்து மாதமாகவே அவருக்கு நெஞ்சில் வலி வந்து வந்து போனது. நான் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள். ஒருநாள் என்னோடு வாருங்கள், ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிடலாம் என்று எத்தனை தடவை கெஞ்சினேன். "கேஸ்தான். ஜாஸ்தியா பேஜார் பண்ணாத. சரி, வர்றேன்" என்பார். சரி என்பார். வரமாட்டார். ஆனால் இந்தக் காரின் பட்டை உடைந்ததும் லீவு போட்டுவிட்டு பெங்களூருக்குப் போய்க் கடை கடையாக விசாரித்துவிட்டு வந்தார். காருக்காக பெங்களூர் வரை போகத் தெரிந்தவனுக்கு, நெஞ்சுவலிக்காக வேலூர் வரை வரத் தெரியவில்லை. கம்பெனியிலேயே மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தோல் அடுக்கின்மேல் சாய்ந்தவர்தான். எனக்குப் போன் வந்தபோது நான் யாரோ ஒருவருக்கு ரத்தம் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கத்தி முடித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். அன்று ரத்தச் சாம்பிளை உறிஞ்சும் பிப்பெட்டைப் பிடித்தபோது கை நடுங்கியது. ஸ்டேரிங்கில் வாங்கிய அதிர்ச்சி விரலிலேயே நின்றுவிட்டது. சாம்பிளை இன்னொரு டெக்னீஷியனிடம் கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தேன். அண்ணன் தம்பி இரண்டு ஆண்களின் ஆசை என் விரல் நுனி வரைக்கும் வந்திருந்தது.

அந்த வாரக் கடைசியில் மூன்று பேரையும் வரச் சொன்னேன். இந்தமுறை டீ போடவில்லை.

"இதக் கழட்டுங்க" என்றேன்.

கொழுந்தன் முகம் சிவந்தது. "அண்ணன் காரு அண்ணி இது."

"ஆர்.சி. புக் என் பேருக்கு மாறியாச்சு. என் காரு. மாதனூர்ல வயிறு தட்டி நின்னது நானு. உங்க அண்ணன் இல்ல."

"அவரு ஆசைப்பட்டத போட்டிருக்கோம். அதையும் வாணாங்கறீங்களே. செத்தவங்களுக்கு மரியாதை இல்லையா?"

"அவரு ஆசைப்பட்டது இதான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"என்கிட்ட சொன்னாரு. ரேஸ் செட்டே போடலாம்டா, சரிடான்னாரு."

நான் பாயைப் பார்த்தேன். "உங்ககிட்ட இன்னா சொன்னார்?"

பாய் தாடியைத் தடவினார். கொழுந்தனை ஓரக்கண்ணால் பார்த்தார். "நான் இதச் சொல்ல வேணாம்னுதான் இருந்தேன் பாபி. என்கிட்ட வேற மாதிரி சொன்னான். கார் கம்பெனிலேர்ந்து வர்றப்ப இன்னா இருந்ததோ அதே ஒரிஜினல் சாமான லண்டன்லேர்ந்து வரவழைக்கலாம்னு நான் சொன்னேன். சரின்னான். அதான் அவன் இஷ்டம்னு நெனச்சேன். தம்பி ஆசையா கொண்டாந்துட்டான், அவன் மனசு நோவக் கூடாதுன்னு வாய மூடிக்கினேன்."

கொழுந்தன் திரும்பி அவரை முறைத்தான்.

"உங்ககிட்ட?" என்றேன் மெக்கானிக்கிடம்.

அவருக்கு அங்கிருந்து ஓடிப்போகலாம் போல இருந்திருக்கும். "என்கிட்ட... பழைய ஷாக்கு எண்ணெய் ஒழுவுது சார், தூக்கிப் போட்டுட்டு ஜீப்புக்கு வர்ற கேஸ் ஷாக்கு வெட்டி வெல்டு வெச்சிடலாம்னேன். சரிப்பா, அப்பிடியே செஞ்சிடுன்னாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பு இல்லை. மூன்று பேருக்கும் மூன்று சரி. எனக்கு ஈ.சி.ஜி.க்கு ஒரு சரி. எதிரில் நிற்கிறவர் முகம் வாடக் கூடாது என்பதற்காக எதற்கும் சரி சொல்லிவிட்டு, எதையும் முடிவு செய்யாமலே போன மனிதர் அவர். அவருக்கு இதுதான் பிடிக்கும் என்று ஆளுக்கொன்றைத் தூக்கிக்கொண்டு வந்து இவர்கள் என் வீட்டில் நிற்கிறார்கள். அந்த ஆசையெல்லாம் அவரவர் ஆசைதான். அவர் ஆசை என்ன என்று யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. அது தெரியாது என்பதுதான் என்னை அதிகமாகக் கொதிக்கவைத்தது.

"இனிமே அவரு சொன்னாருன்னு யாரும் இந்தக் கொட்டாய்க்குள்ள வராதீங்க. கழட்டிட்டு உன் செட்ட நீ எடுத்துக்கினு போ" என்றேன்.

கொழுந்தன் கையில் வைத்திருந்த ஸ்பேனரைத் தரையில் போட்டான். "நீங்களே வெச்சிக்கோங்க. காரு, வீடு எல்லாம். எங்க அண்ணன் இல்லன்னதும் நாங்க வேத்தாளாய்ட்டோம்." சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். அவன் அம்மா என் வீட்டில்தான் இருந்தார். அன்றிலிருந்து அவரைப் பார்க்க வந்தால்கூட வாசலில் நின்று கூப்பிட்டுப் பேசிவிட்டுப் போவான். பாய் போகும்போது, "கோவம் கொஞ்சம் கம்மி பண்ணுங்க பாபி" என்றார். "நீங்க சிரிக்கிறத கம்மி பண்ணுங்க" என்றேன். அவர் கொட்டகைக் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.

மெக்கானிக் மட்டும் மிச்சம். "எனக்கு இன்னா மேடம், சொன்னா போடறேன்" என்றார். சொல்வதற்கு எனக்குத் தெரிய வேண்டுமே. கேட்டுக் கற்றுக்கொண்டேன். லீவு போட்டுவிட்டு ரயிலேறிச் சென்னைக்குப் போய், பழைய கார்களை உடைத்துச் சாமான் விற்கும் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில் வெயிலில் அலைந்தேன். எல்லாக் கடையிலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "சார் வரலையா?" ஒரு கடையில் நான் கேள்வி கேட்கக் கேட்க, கடைக்காரர் பக்கத்தில் சும்மா நின்றிருந்த ஒரு லாரி டிரைவரைப் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த டிரைவரே கூச்சப்பட்டு, "அவங்கதானே கேக்கறாங்க, அவங்ககிட்ட சொல்லுங்க" என்றார். இன்னொரு கடையில், மெத்தென்று வேண்டும் என்றதும், "சீட்டுக்குத் தலையாணி வாங்கிக்கோங்க மேடம்" என்றான் ஒருவன். அவன் கடைக்குள் இருந்த எல்லாவற்றையும் தள்ளிவிடலாமா என்று நிஜமாகவே கையை உயர்த்தினேன். பிறகு இறக்கிக்கொண்டு வெளியே வந்தேன். கடைசியில் இந்தக் காரின் ஒரிஜினல் உயரத்துக்கே உள்ள முன் சுருள்கள் இரண்டு கிடைத்தன. பழசுதான், ஆனால் துருவில்லை. கோணிப்பையில் கட்டி ரயிலில் காலுக்கடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

பின் பட்டைகளை வாணியம்பாடி ரோட்டில் லாரிகளுக்குப் பட்டை அடிக்கும் பட்டறையில் செய்யச் சொன்னேன். உடைந்த பழைய பட்டையைக் காட்டினேன். "எனக்கு ரொம்ப மெத்துன்னு வேணும்" என்றேன். அந்த ஆள் தன் வாழ்க்கையில் அப்படி ஒரு ஆர்டரைக் கேட்டதே இல்லை போலும். "லாரிக்கெல்லாம் ஜாஸ்தி லோடு தாங்கணும்னுதான் கேப்பாங்க" என்று சிரித்தார். ஆனால் சொன்னபடி ஒரு பட்டையைக் குறைத்து, மெல்லியதாக அடித்துக் கொடுத்தார். மெக்கானிக் பூட்டினார். பழைய ஷாக் அப்சார்பர்களையே கழுவி, எண்ணெய் கசிந்த இடத்தை அடைத்து மறுபடி நிரப்பினார்.

முதல் நாள் சொர்க்கம். வேகத்தடையில் ஏறி இறங்கியது தெரியவே இல்லை. ஞாயிறு காலை பெருமையாக மாமியாரை சர்ச்சுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் முக்காடு போட்டு, பைபிளை மடியில் வைத்து, கதவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ரயில்வே கேட்டைத் தாண்டி வளைவில் திரும்பியதும் கார் ஒருபக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்தது சீக்கிரம் நிமிரவில்லை. டயர் மட்கார்டின் உள்பக்கத்தில் கரகரவென்று உரசி ரப்பர் நாற்றம் வந்தது. நிமிர்ந்ததும் அடுத்த பக்கம் ஆடியது. பிரேக் போட்டால் மூக்கைத் தரையில் குத்தியது. சர்ச் வாசலில் இறங்கியபோது மாமியார் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கப்பல்ல வந்த மாதிரி தலை சுத்துதுடி. நான் நடந்தே வந்திருப்பேன்."

அன்று பிரசங்கத்தில் ஒரு வார்த்தை என் காதில் விழவில்லை. மறுநாள் பட்டறைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். "இன்னா பட்டை அடிச்சிருக்கீங்க? வண்டி தொட்டில் மாதிரி ஆடுது."

அந்த ஆளும் விடவில்லை. "மெத்து மெத்துன்னு கேட்டது யாரு? நானா? ரெண்டு பேர் உக்காந்தா இன்னா ஆவும்னு அன்னிக்கே கேட்டேன் இல்ல? தனியாதான் போவேன்னு சொன்னது நீங்க."

கேட்டிருந்தார். நானும் அப்படித்தான் சொல்லியிருந்தேன். அந்தச் சமயத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார ஒருவர் வருவார் என்று தோன்றவே இல்லை. அதற்காக அவரிடம் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. அப்போது எனக்கு யார்மேலும் இரக்கம் இல்லை, என்மேலும் இல்லை. "சரி, இப்ப இன்னா பண்றது?" என்று அதே குரலில் கேட்டேன். அவரும் அதே குரலில், "ஒரு பட்டை சேத்து அடிக்கணும். நாளைக்கு வாங்க" என்றார். இருவரும் சண்டை போட்டுக்கொண்டே வேலையை முடித்தோம். முன்பக்கம் சாய்வதைக் குறைக்க மெக்கானிக் ஷாக் அப்சார்பரில் கெட்டியான எண்ணெயை மாற்றினார். ஓட்டிப் பார்த்தேன், மறுபடி போனேன், மறுபடி ஓட்டினேன். ஒருநாள் காலை பள்ளிகொண்டா மாற்றுப்பாதையில் இறங்கி ஏறியபோது, பள்ளம் இருந்தது என்பது தெரிந்தது, ஆனால் வலிக்கவில்லை. வளைவில் சாய்ந்தது, உடனே நிமிர்ந்தது. அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. அதைக் கண்டுபிடிக்க ஒரு மழைக்காலமே போய்விட்டது.

சென்னை ஊர்வலத்துக்கு முன்பு பாய் வந்தார். வாசலிலேயே நின்றார். "தம்பி கேக்கச் சொன்னான் பாபி. ஒருநாள் மட்டும் வண்டி..."

"தர்றேன். ஆனா நான்தான் ஓட்டுவேன். போட்டோ மாலை ஒண்ணும் கெடையாது."

அவர் யோசித்தார். "அது அவன் ஒத்துக்க மாட்டான்" என்றார்.

"அப்ப வேணாம்."

அவர்கள் கார் இல்லாமலே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். நான் அந்த ஞாயிறு காரைக் கழுவினேன்.

தினமும் அதில்தான் வேலைக்குப் போனேன். ஊர் பேசத்தான் செய்தது. சர்ச்சில் சில பெண்கள் என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். ஆஸ்பத்திரி வாட்ச்மேன் மட்டும் நிழலான இடத்தை எனக்காகப் பிடித்துவைப்பார். கொழுந்தன் பேசாமலே இருந்தான். அவன் கல்யாணத்துக்குப் போனேன், சர்ச்சில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பிரியாணி சாப்பிட்டுவிட்டு, பரிசைத் தம்பதிகள் கையில் கொடுக்காமல் அத்தையிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அவனுக்கு என்மேல் இருந்த கோபம் எவ்வளவு என்று தெரியாது. எனக்கு அவன்மேல் இருந்தது கொஞ்சமும் குறையவில்லை.

அவன் மனைவியைப் பிரசவத்துக்கு வேலூரில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே சேர்த்திருந்தார்கள். ஒருநாள் காலை நான் கிளம்பிக்கொண்டிருந்தபோது அவன் வாசலில் வந்து நின்றான். சட்டைப் பட்டன் மாறிப் போட்டிருந்தது. அன்று ஏதோ பந்த், பஸ் ஓடவில்லை. ரயில் போய்விட்டது.

"வலி வந்துடுச்சாம். போன் வந்துச்சி" என்றான். அண்ணி என்று சொல்லவில்லை.

"ஏறு" என்றேன்.

காலை நீட்டி உட்கார இடமில்லாமல் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தான். சாலை காலியாக இருந்தது. நான் வேகமாகப் போனேன். மாதனூர் வேகத்தடை வந்தது. அவன் முன்னால் இருந்த பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். கார் ஏறி இறங்கியது. அவன் கையை எடுத்தான். கொஞ்ச தூரம் போனதும், "நல்லாத்தான் இருக்கு" என்றான்.

"நான் இன்னும் மறக்கல" என்றேன்.

"நானும்தான்" என்றான்.

பள்ளிகொண்டா வந்தது. அங்கே மாற்றுப்பாதையில் நான் வேகத்தைக் குறைக்காமல் இறக்கினேன். "அண்ணி, மெதுவா" என்று கத்தினான்.

"எறங்கிக்கிறியா?"

"வாணாம், வாணாம். போங்க."

ஆஸ்பத்திரி வாசலில் கார் நிற்பதற்கு முன்பே இறங்கி ஓடினான். எந்தக் கட்டடம் என்று தெரியாமல் ரத்த வங்கிப் பக்கமாகப் போனான். நான் காரை விட்டு இறங்கி, "அந்தப் பக்கம் இல்ல, இடது பக்கம், ரெண்டாவது மாடி" என்று கத்தினேன். கேட்டதோ இல்லையோ, திரும்பி இடது பக்கம் ஓடினான். எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. காரை நிறுத்தப் போனேன்.